‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்ற கருத்தைப் பற்றி

குன்னூரில் உங்கள் நண்பர் குழு ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ என்ற 1999ஆம் ஆண்டு அமெரிக்கத் திகில் படத்தைத் திரையிட நினைக்கிறது என்றும், ஏற்கெனவே அதைப் பார்த்தவர்களிடம் விசாரித்தால் ஒரு சாரார் ‘படம் முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை’ என்றும் மறு சாரார் ‘இரண்டு நாள் தூக்கம் போய்விட்டது’ என்றும் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே படத்தைப் பற்றி இவ்வளவு எதிரெதிரான கருத்துகள் எப்படி வருகின்றன, இதில் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்பது உங்கள் கேள்வி. கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு படம் காட்டிவருகிறவன் என்ற முறையிலும், அதற்கு முன் உதகை இந்து நகரிலிருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளைப் பரிசோதிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தப் படத்தை ஒரே கூடத்தில், ஏறக்குறைய அதே ஆட்களுக்கு, இரண்டு முறை காட்டியிருக்கிறேன். முதல் முறை கிடைத்த கருத்துக்கு இரண்டாம் முறை கிடைத்தது நேர்மாறாக இருந்தது. உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த இரண்டு இரவுகளில் இருக்கிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேரிலாந்து மாநிலத்தில் பர்கிட்ஸ்வில் என்ற சிற்றூரையொட்டிய காட்டில் உலவுவதாகச் சொல்லப்படும் ஒரு சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன மூன்று மாணவர்கள் 1994இல் காணாமல் போகிறார்கள். ஓராண்டுக்குப் பிறகு அவர்கள் எடுத்த படச்சுருளும் வீடியோ நாடாக்களும் மட்டும் கிடைக்கின்றன. நாம் பார்ப்பது அவற்றைத்தான். டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் என்ற இருவர் இயக்கிய இந்தப் படத்தின் படப்பிடிப்பு 1997 அக்டோபரில் எட்டே நாள்களில் முடிந்தது. கேமராவைப் பிடித்தவர்கள் நடிகர்களே. வசனம் எழுதிக் கொடுக்கப்படவில்லை. அன்றன்று போய்ச் சேர வேண்டிய இடத்தை ஜிபிஎஸ் கருவி காட்டியது, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்புச் சீட்டு காத்திருந்தது, நாளுக்கு நாள் சாப்பாட்டின் அளவு குறைக்கப்பட்டது, இரவில் இயக்குநர் தரப்பினரே வந்து கூடாரத்தைப் பிடித்து உலுக்கினார்கள். ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடிய காட்சிகளை வெட்டி 81 நிமிடமாக்கினார்கள்.

படப்பிடிப்புக்கு ஆன செலவு சில பத்தாயிரம் டாலர்கள்தான். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படத்தைப் பார்த்த ஆர்ட்டிசன் என்ற விநியோக நிறுவனம் 11 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. உலகெங்கும் வசூல் 25 கோடி டாலரை நெருங்கியது. ஆனால் இத்தனை பேர் காசு கொடுத்துப் பார்த்த அதே நாள்களில், திரையரங்கை விட்டு வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் அமைப்பிடம் அமெரிக்கப் பார்வையாளர்கள் கொடுத்தது ‘சி பிளஸ்’ மட்டும்தான். ஆகவே ‘நம் மக்களுக்கு இது புரியாது’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம். படம் பிறந்த ஊரிலேயே முதல் வாரத்திலிருந்து இந்தப் பிளவு இருந்திருக்கிறது.

நாங்கள் முதலில் காட்டியது ஒரு நவம்பர் மாதத்தில். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கூடத்துக்குத் தகரக் கூரை. படம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் பிடித்த மழை முடியும் வரை விடவில்லை. ஒலிபெருக்கியை முழுவதுமாகத் திருப்பி வைத்தேன். அப்படியும் கேட்டது அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்தும் கத்தல் மட்டும்தான். முடிந்ததும் இளைஞர்கள் எழுந்து, ‘என்னங்கண்ணா, கடைசி வரைக்கும் சூனியக்காரியைக் காட்டவே இல்லையே’ என்று கேட்டார்கள். பின்வரிசையில் இருந்த பெரியவர்கள் பாதியிலேயே கிளம்பியிருந்தார்கள். நான் அன்று அவர்கள்மேல்தான் வருத்தப்பட்டேன். பொறுமை இல்லாதவர்கள் என்று வீட்டுக்கு வந்து சொல்லவும் செய்தேன். அது என் தவறு என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் விளங்கியது.

சனவரிக் கடைசியில், உறைபனிக் காலத்தில், வேறொரு படத்தின் வட்டு ஓட மறுத்துவிட்டதால் இதையே மறுபடியும் போட வேண்டியதாயிற்று. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்தவர்கள். அந்த மாதத்து இரவு எப்படிப்பட்டது என்பது மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்: காற்று அசையாது, ஈரம் கூரையிலிருந்து சொட்டும் ஓசைகூட இருக்காது, பள்ளத்துக்கு அப்பால் கேளையாடு ஒருமுறை குரைத்தால் ஊர் முழுக்கக் கேட்கும். அந்த அமைதியில் படத்தின் இரவுக் காட்சிகள் முதல் தடவையாக எங்கள் கூடத்தில் கேட்டன. தூரத்தில் ஒரு சுள்ளி முறிகிறது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு திசையில், கொஞ்சம் கிட்டத்தில், இன்னொன்று முறிகிறது. திரை ஏறக்குறைய முழுக் கறுப்பு. முன்வரிசையில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து தாய்மாரின் காலடிக்கு வந்து சேர்ந்ததை நான் படக்கருவிக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இந்தப் படத்தில் காட்சிகளுக்குப் பின்னணி இசை கிடையாது. ‘இப்போது பயப்படு’ என்று சொல்ல வயலின் வராது. பயத்தின் சுமை முழுவதும் தொலைவிலிருந்து வரும் சின்னச் சத்தங்களின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தச் சத்தம் பார்வையாளரின் காதுக்குப் போய்ச் சேராவிட்டால் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பது அவருடைய ரசனைக் குறைவு அல்ல. அவர் பார்த்த படத்தைப் பற்றிய சரியான விவரிப்பு. கைப்பேசியில் பேருந்துப் பயணத்தின்போது பார்த்துவிட்டு வெறுமனே இருந்தது என்று சொல்கிறவர்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். கருத்து கேட்கும்போது ‘எப்படி இருந்தது’ என்பதற்கு முன்னால் ‘எங்கே, எதில் பார்த்தீர்கள்’ என்று கேளுங்கள்.

இருட்டைப் பற்றி என் தொழில் சார்ந்து ஒரு வார்த்தை. மாணவர்களிடம் இருப்பவை இரண்டு கேமராக்கள்: ஒன்று 16 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் கேமரா, மற்றது ஹை8 வீடியோ கேமரா. இரவில் வெளிச்சம் என்பது பெரும்பாலும் கையிலும் கேமராவிலும் உள்ள விளக்குதான். ஒரு விளக்கிலிருந்து தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால் நாலடி தூரத்தில் இருக்கும் முகம் வெளுத்தும், அதற்குப் பின்னால் பத்தடியில் உள்ள மரம் சாம்பலாகவும், அதற்கும் பின்னால் காடு இல்லாமலேயும் போகிறது. படச்சுருளில் வெளிச்சம் குறைந்த பகுதி வழவழப்பான கறுப்பாக இருக்காது; வெள்ளி மணிகள் நொடிக்கு நொடி இடம் மாறி நெளிந்துகொண்டே இருக்கும். ஆலையில் நாங்கள் இதைக் குறையாகக் கருதி மணியின் அளவை உருப்பெருக்கியில் பார்த்து அளந்துகொண்டிருந்தோம். ஆனால் மனிதக் கண், நெளியும் கறுப்பில் உருவம் தேடாமல் இருக்காது. ‘நான் அங்கே ஒரு ஆளைப் பார்த்தேன்’ என்று அன்று இரவு இரண்டு பேர் சொன்னார்கள். அங்கே ஆள் இல்லை. அவர்கள் பொய்யும் சொல்லவில்லை.

நம் பார்வையாளர்களுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. நாம் பழகிய பேய்ப்படத்தில் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும். யாரோ அநியாயமாகக் கொல்லப்பட்டிருப்பார்கள், இடைவேளைக்குப் பிறகு முன்கதை வரும், கொன்றவன் தண்டிக்கப்படுவான், ஆவி அமைதியாகும். நீலி கதை முதல் ஊர்ப் பெண் தெய்வங்களின் கதைகள் வரை இதே நியாயம்தான், அது நம் மண்ணில் ஆழமாக வேர் பிடித்த ஒன்று. பிளேர் விட்ச் இந்த நியாயத்தைத் தரவே இல்லை. அந்த மூன்று பிள்ளைகளும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அவர்களுக்கு நேர்ந்ததற்குக் காரணமும் இல்லை, கணக்குத் தீர்ப்பும் இல்லை. ‘கதையே இல்லை’ என்று சொன்ன பலரிடம் நான் பேசிப் பார்த்தபோது, அவர்கள் ஏங்கியது பயத்துக்காக அல்ல, நியாயத்துக்காக என்று தெரிந்தது. இதை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தப் படம் அதைத் தராமல் விட்டதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து, ஏனென்றால் காட்டில் வழி தவறுவதற்கு முன்வினை எதுவும் தேவையில்லை.

வழி தவறுவதைப் பற்றித்தான் எங்கள் ஊரில் அதிகமாக வாதம் நடந்தது. மாணவர்கள் ஒரு நாள் முழுக்கத் திசைகாட்டியைப் பார்த்துத் தெற்கே நடந்துவிட்டு, முன்பு கடந்த அதே மரக்கட்டைப் பாலத்துக்கே வந்து நிற்கிறார்கள். ‘ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊர் வந்துருமே, இதுகூடத் தெரியாதா’ என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கோபமாகவே கேட்டார். மலைச்சரிவில் வாழ்கிறவருக்கு அது முதல் பாடம். இங்கே தண்ணீர் எப்போதும் கீழே இருக்கும் ஊருக்குப் போகும். படம் எடுக்கப்பட்ட காடு அப்படிப்பட்டதல்ல. ஏறக்குறைய சமமான நிலம், இலையுதிர் காலம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மொட்டை மரங்கள். ‘இதெல்லாம் ஒரு காடா, இலையே இல்லையே’ என்றும் ஒருவர் கேட்டார். நம் சோலைக்காட்டில் பத்தடிக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாது, அதனால் பயம் வருகிறது. அந்தக் காட்டில் வெகு தூரம் வரை தெரிகிறது, தெரிந்தும் ஒன்றும் அகப்படவில்லை, அந்தப் பயம் வேறு வகை. உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையோரப் பைன் மரக்காட்டுக்குள் நூறு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

வட்டமடிப்பது வெறும் கற்பனையும் அல்ல. சூரியனோ அடையாளமோ தெரியாதபோது மனிதர்கள் நேராக நடப்பதாக நம்பிக்கொண்டே வட்டமாக நடக்கிறார்கள் என்பதை 2009இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் அங்குள்ள காட்டிலும் சகாரா பாலைவனத்திலும் ஆட்களை நடக்கவிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஒருமுறை மஞ்சு இறங்கிய மாலையில், முப்பது ஆண்டுகளாக நடக்கும் தேயிலைத் தோட்டக் குறுக்குவழியில், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த ஒரு எல்லைக்கல்லை மூன்று முறை கடந்தேன். இரண்டாவது முறை அது வேறு கல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முறை கல்லின் மேல் நான் முதலில் வைத்துவிட்டு மறந்துபோன குடை இருந்தது. வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். படத்தில் அந்த மரக்கட்டை மறுபடி தெரியும்போது கதாநாயகி ஹெதர் எழுப்பும் அந்த அழுகையை நடிப்பு என்று ஒதுக்க என்னால் முடியாதது இதனால்தான். திசைகாட்டி கையில் இருக்கும்போதே வட்டமடித்தது சூனியத்தாலா, அதைச் சரியாகப் படிக்கத் தெரியாததாலா என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. உளவியல் திகில் என்ற பெயருக்கு இந்தப் படம் தகுதி பெறுவது இந்த இடத்தில்தான்.

சனவரித் திரையிடல் இரவில் நான் கேட்ட கருத்துகளில் மிகச் சிறந்தது, தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா சொன்னது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. திரையின் அடியில் வசனத்தைத் தமிழில் எழுதிக் காட்டும் வசதியும் அன்று இல்லை. அவர் சொன்னார்: ‘சூனியக்காரியை நான் தேடவே இல்லைங்க. அந்தப் பையன் வரைபடத்தைத் தண்ணியில உதைச்சு விட்டேன்னு சொல்லிச் சிரிச்சான் பாருங்க, அப்பவே எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. இனிமே ஒருத்தரை ஒருத்தர் நம்ப மாட்டாங்களே.’ மைக் என்ற மாணவன், வரைபடத்தைத் தானே ஓடையில் உதைத்துத் தள்ளியதாக ஒப்புக்கொண்டு அடக்க முடியாமல் சிரிக்கும் காட்சி அது. வசனம் ஒன்றும் விளங்காமல் படத்தின் மையத்தை அவர் தொட்டுவிட்டார். இந்தப் படத்தில் ‘நடப்பது’ என்ன என்று என்னைக் கேட்டால் நான் அவர் சொன்னதையே சொல்வேன்: மூன்று பேருக்கு நடுவிலிருந்த நம்பிக்கை நாளுக்கு ஒரு துண்டாக உடைகிறது. சூனியக்காரியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு அது சண்டையாக, எரிச்சலூட்டும் கூச்சலாக மட்டும் தெரியும்.

முடிவுக் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பாழடைந்த வீட்டின் கீழறையில் மைக் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து அசையாமல் நிற்கிறான், கேமரா கீழே விழுகிறது, அவ்வளவுதான். படத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர், முன்பொரு காலத்தில் குழந்தைகளைக் கொன்றவன் ஒரு குழந்தையை மூலையைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு மற்றதைக் கொல்வான் என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்தவருக்கு முதுகு சில்லிடும். விழாதவருக்கு ‘ஏன் அங்கே போய் நிற்கிறான்’ என்ற குழப்பம்தான் மிஞ்சும். வெளியீட்டுக்கு முன் நடந்த திரையிடல்களில் பார்த்தவர்கள் இந்த முடிவில் பயந்தாலும் குழம்பினார்கள் என்பதால், விளக்கம் தரும் பேட்டியை இயக்குநர்கள் பிறகுதான் எடுத்துச் சேர்த்தார்கள். நிறுவனம் கேட்டதற்காக வேறு முடிவுகளையும் படம்பிடித்துப் பார்த்துவிட்டு, பழையதையே வைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் கருத்தைக் கேட்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது: குழம்பியவர்களின் சொல்லுக்குக் காது கொடுத்தார்கள், ஆனால் குழப்பத்தைப் போக்க முடிவை மாற்றவில்லை, தொடக்கத்தைச் சரிசெய்தார்கள். எங்கள் நவம்பர்த் திரையிடலில் மழை விழுங்கியது அந்தப் பேட்டியைத்தான்.

எனக்கு உறுத்தலான கருத்து ஒன்றும் இருக்கிறது. ‘அந்தப் பெண் தாங்க முடியவில்லை’ என்று பலர் சொல்வார்கள். பாத்திரத்தின் பிடிவாதம் எரிச்சலூட்ட வேண்டும் என்றுதான் படைக்கப்பட்டிருக்கிறது. பசியிலும் குளிரிலும் கேமராவையும் தூக்கிக்கொண்டு அதை நடித்த ஹெதர் டோனஹியூவுக்கு அந்த ஆண்டின் மோசமான நடிகை என்ற ராஸ்பெரி கேலிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். மூன்று நடிகர்களும் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள், அவர்கள் உண்மையிலேயே காணாமல் போனவர்கள் என்று விளம்பரம் செய்யப்பட்டது, ஹெதரின் தாயாருக்கு இரங்கல் கடிதங்கள்கூட வந்தன. அன்று பலர் அடைந்த பயத்தில் இந்த ஏமாற்றுக்கும் பங்கு உண்டு. 2024இல் மூவரும் படத்தின் வருவாயில் தங்களுக்குரிய பங்கைக் கேட்டு வெளிப்படையாகக் கோரிக்கை வைக்க வேண்டியிருந்தது. சிறு முதலீட்டில் பெரும் வெற்றி என்று இந்தப் படத்தைப் புகழும்போது, அந்தச் சிக்கனத்தின் ஒரு பகுதியை யார் சுமந்தார்கள் என்பதையும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

தலைசுற்றல் புகார் உண்மையானது. கண் அசைவைப் பார்க்கிறது, உள்காது அசைவில்லை என்கிறது, வயிறு குமட்டுகிறது. மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துக்குள் குனிந்து உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இதன் மறுதலை நடக்கிறது. அப்படிப்பட்டவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள்; திரை சிறிதாகத் தெரிந்தால் தொந்தரவு குறையும்.

ஆகவே திரையிடுங்கள், ஆனால் மழைக்காலத்தில் வேண்டாம், பிப்ரவரி முடிவதற்குள் வையுங்கள். கூடம் தகரக் கூரையாக இருந்தால் முந்தைய நாள் இரவே போய் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து என்ன கேட்கிறது என்று பாருங்கள். மின்னாக்கி ஓடினால் அதைக் கட்டடத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். படத்தின் சட்டகம் பழைய தொலைக்காட்சி போலச் சதுரத்தை ஒட்டியது, அகலத்திரைக்கு இழுத்துவிடாதீர்கள். திரையில் வசனத்தின் தமிழ் எழுத்து கிடைக்காவிட்டால் தொடக்கப் பேட்டிகளின் சாரத்தை ஒருவர் எழுந்து நின்று முன்னமே சொல்லட்டும், முக்கியமாக அந்த மூலை விஷயத்தை. முடிந்ததும் உடனே விவாதம் தொடங்காமல் ஆளுக்கொரு தாள் கொடுத்து இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். முதலில் சத்தமாகப் பேசுகிறவர் ‘போர்’ என்று சொல்லிவிட்டால், பயந்தவர்கள் அதன் பிறகு வாய் திறக்க மாட்டார்கள். சனவரியில் நான் அப்படிச் செய்திருக்காவிட்டால் அந்த அம்மா என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அவர் தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுத வராது, சொல்லட்டுமா என்று கேட்டார்.